எனக்குப் பதில் அம்மா

அந்தக் காலையில் வேனில் இருந்தவர்கள் இவர்கள்.

முன் சீட்டில் பாய்லர் பார்க்கிற அண்ணே, மடியில் சாப்பாட்டு டப்பா. அவருக்குப் பின்னால் கோப்பெங் அக்காளும் தங்கையும், ஆளுக்கொரு ஜன்னல். இருவரும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் இரண்டு பக்கமும் பேசுவார். அதற்கடுத்த வரிசையில் துண்டு மடிக்கும் பெண், ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்குப் பக்கத்தில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், வாயைத் திறந்தபடி தூக்கம். கடைசி வரிசையில், வேலையில் எனக்கு எதிரே நிற்கும் அக்கா. அக்காவுக்குப் பக்கத்தில் என் இடம். என் இடத்தில் என் அம்மா, என் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு.

நான் இல்லை. வீட்டில் போர்வைக்குள் இருந்தேன்.

வேன் ஓட்டும் அண்ணே கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணுவார். கடைசி ஆள் ஏறுவது சிம்பாங் பூலாயில், எங்கள் பிளாட்டுக்குக் கீழே. அது நான். நான் ஏறியதும் வாய்விட்டு எண்ணுவார். எட்டு வந்தால்தான் கியர் போடுவார். அன்றைக்கும் எட்டு வந்தது. கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் அக்கா பிறகு எனக்குச் சொன்னது.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தவள். முடித்தவள் என்றால் பரீட்சை எழுதியவள். சரித்திரத்தில் விழுந்தேன். அதில் விழுந்தால் சான்றிதழ் இல்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி பாலிடெக்னிக் போனாள். ஒருத்தி தைப்பிங்கில் நர்ஸ் படிப்புக்குப் போனாள். நான் டோபி கம்பெனிக்குப் போனேன்.

கம்பெனி லகாட் பக்கம் இருக்கிறது. ஈப்போ ஹோட்டல்களின் பெட்ஷீட், துண்டு எல்லாம் லாரியில் வந்து இறங்கும். துவைத்து, காயவைத்து, மடித்து, அதே லாரியில் திரும்பிப் போகும். என் வேலை ரோலரில். அது ஆள் நீளத்தைவிடப் பெரிய சூடான உருளை. அந்தப் பக்கம் இருவர் ஈர பெட்ஷீட்டை உள்ளே விடுவார்கள். இந்தப் பக்கம் அது காய்ந்து, அழுத்தி, ஆவியோடு வரும். நானும் அக்காவும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மடிக்க வேண்டும். தையல் உள்ளே, ஹோட்டல் அடையாளம் வெளியே. அதை வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கஷ்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். சுமக்கிற வேலை இல்லை. வெயில் இல்லை. ஆனால் நிற்காது.

பள்ளியில் மணி அடிக்கும். பிடிக்காத பாடம் என்றாலும் மணி அடித்தால் போய்விடும். தப்பு செய்தால் சிவப்புப் பேனாவில் கிறுக்குவார்கள், என் புத்தகத்தில் மட்டும். இங்கே மணி இல்லை. என் மூலை கோணலாகப் போனால் அக்காவின் மூலையும் கோணல். கட்டுக்குள் ஒன்று சரியில்லை என்றால் கட்டு முழுவதும் திரும்பி வரும். அக்கா திட்ட மாட்டார். கட்டைப் பிரிப்பார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியாது.

முதல் நாள் எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கையைத் தூக்கினேன். தூக்கியபடி நின்றேன். சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. என்ன என்று பார்த்தார். "டீச்சர், கழிவறைக்குப் போகலாமா" என்று, வகுப்பில் கேட்கிற மாதிரியே மலாயில் கேட்டுவிட்டேன். ரோலரின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பாய்லர் அண்ணே என்னை எங்கே பார்த்தாலும் கையைத் தூக்குவார். வேனில் ஏறும்போது தூக்குவார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு அது வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் கழிவறைக்குப் போகவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலையில் ஒரு மடக்கு, மத்தியானம் ஒரு மடக்கு. சமாளித்தேன்.

இரண்டாம் மாதம் சோறு இறங்கவில்லை. வேன் ஹார்ன் கேட்டதும் ஓடிப்போய் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, அதோடு கீழே இறங்குவேன். காலையில் எழுந்தால் போர்வை என் மேல் இருக்காது. பக்கத்தில் மடிந்து கிடக்கும். மூலைக்கு மூலை சரியாக. தூக்கத்தில் நான்தான் மடித்திருக்கிறேன். அம்மா எனக்கு முன்னால் எழுந்திருப்பவர். மடிந்த போர்வையைப் பார்ப்பார். உதறித் திரும்ப என் மேல் போடுவார். 

தைப்பிங்கில் படிக்கிறவள் ஒருநாள் வாட்ஸப்பில் கேட்டாள், ஸ்ட்ரெஸ்ஸா என்று. ஆமாம் என்று போட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. அலுப்பு என்போம். அலுப்பு தூங்கினால் போய்விடும். இது போகவில்லை.

கம்பெனியில் முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். பிறகுதான் வேலை நிரந்தரம். அந்த மூன்று மாதத்தில் டாக்டர் தரும் லீவு சீட்டு, எம்.சி., இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வர வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு இன்னொன்றும் தெரியும். என் மாமா மகள் முதல் வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஈப்போவில் ஒரு பெரிய கடையில் கல்லாவில் இருந்தாள். கொஞ்ச நாள் ஓய்வு என்றார்கள். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வருஷங்கள் போயின. தட்டை வாசலில் வைத்துவிட்டு மாமி நகர்ந்தால்தான் கதவு திறக்கும். அம்மா அங்கே போய்விட்டு வரும்போதெல்லாம் பஸ்ஸில் பேசாமல் வருவார். நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். சொன்னதில்லை. எனக்குத் தெரியும், எனக்கும் அந்தப் பயம்தான்.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை நான் எழுந்திருக்கவில்லை.

"போகலையா?" என்றார் அம்மா.

"போகல."

"காச்சலா?"

"இல்ல."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. கீழே ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. மூன்றாம் தடவை அடித்தது. பிறகு ஏழு பேரோடேயே வேன் போய்விட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வாந்தி வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கிளினிக்குக்குப் போவோமா என்று அம்மா கேட்டார். நோய் இல்லாமல் எப்படி எம்.சி. கேட்பது என்றேன். அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் அம்மா போனார்.

இதைச் சொல்ல அம்மாவின் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். அம்மா கோப்பெங்குக்கு இந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் மரம் வெட்டியவர். வெட்டுவது என்றால் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. நான் பிறந்த பிறகு ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்டது. இப்போது செம்பனையும் இல்லை, வீடுகள். அங்கே விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று இருந்தது. எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மண்டோர் என்கிற மேஸ்திரி பேர் வாசிப்பார். ஒவ்வொருவருக்கும் வெட்ட வேண்டிய மரங்கள் உண்டு. அதை நிரை என்பார்கள். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் போய்ப் பெரட்டில் நிற்பார். அந்த நிரையை வெட்டிக் கொடுப்பார். பேர் வெட்டுப்படாது. மண்டோரும் கேட்க மாட்டார். அவருக்கு மரம் வெட்டியிருக்க வேண்டும். பால் வந்திருக்க வேண்டும். யார் கை என்பது பேச்சில்லை. அம்மா மாசமாக இருந்தபோது பெரியம்மா அவர் நிரையை வெட்டினார். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா வெட்டினார்.

அதனால் அம்மா என் இரண்டாவது சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தன் பாஜுச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டார். எனக்குச் சோறு ஆக்கி மூடி வைத்தார். ஹார்ன் அடிப்பதற்கு முன்னாலேயே கீழே போய் நின்றார். எனக்குக் கதவுச் சத்தம் கேட்டது. சந்தைக்குப் போகிறார் என்று நினைத்தேன். மாலையில்தான் அவருக்கு வேலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவது. காலையில் எங்கே போவார்?

வேன் ஓட்டும் அண்ணே சட்டையைப் பார்த்தார். புது ஆள் என்று நினைத்துக்கொண்டார். எங்கேக்கா அந்தப் பிள்ளை என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"அவளுக்கு முடியல தம்பி. அவ நிரைய நான் வெட்டிக் குடுத்திட்டு வாரேன்."

பாய்லர் அண்ணே திரும்பிப் பார்த்தாராம். அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர். அன்றைக்குக் கையைத் தூக்கவில்லையாம்.

கம்பெனி வாசலில் கட்டைவிரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. அம்மா வரிசையில் நின்று விரலை வைத்தார். மெஷின் கத்தியது. விரலைச் சட்டையில் துடைத்துத் திரும்ப வைத்தார். திரும்பவும் கத்தியது. பின்னால் வரிசை நீண்டது. மெஷின் சரியில்லை போல என்று காவலர் உள்ளே விட்டுவிட்டார். நேப்பாளத்துக்காரர், வயது குறைவு. அம்மா வயதில் ஒருவர் கம்பெனிச் சட்டையில் வந்தால் அவர் என்ன செய்வார்?

அம்மா ரோலருக்கு முன்னால் என் இடத்தில் நின்றார். பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று.

"நான் என்னத்த சொல்றது? ஒங்கம்மா வந்து நின்னு கைய நீட்டிட்டாங்க. பெட்ஷீட்டும் வந்திருச்சி. பிடிக்காம என்ன செய்ய?"

அம்மா பிடித்தார். சூடு என்று தெரியாமல் பிடித்தார். விரல் நுனிகள் வெந்தன. விடவில்லை. ஆனால் மடிப்பு வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த மடிப்பு சேலை மடிப்பு. இரண்டாக, நாலாக, எட்டாக, நீளமாக மடித்து, பிறகு மூன்றாகச் சுருக்கி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி வைத்திருக்கிறார். அக்கா ஒன்று சொன்னால் சரிம்மா என்பார். அடுத்ததும் சேலையாகத்தான் வரும். தேநீர் நேரத்துக்கு சூப்பர்வைசர் வந்து பார்த்தபோது மேசையில் ஹோட்டல் பெட்ஷீட் எல்லாம் துணிக்கடை மாதிரி இருந்ததாம்.

யார் நீ என்று கேட்டார். அம்மா எஸ்டேட் மலாயில் சொன்னார், என் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை, அவளுக்குப் பதில் நான், பேரை வெட்டிவிடாதே என்று. சூப்பர்வைசர் கத்தவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டதாம். உன் கை ரோலருக்குள் போயிருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்றார். அம்மாவைக் காவலர் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அந்த ரோட்டில் பஸ் இல்லை. மாலை வேன் வரும் வரைக்கும் உட்கார வேண்டியதுதான்.

அக்கா எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். நான் மத்தியானம்தான் போனை எடுத்தேன். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏய் தங்கச்சி, ஒங்கம்மா இங்க கார்டு கொட்டாயில ஒக்காந்திருக்காங்க. காலையிலேர்ந்து சாப்பிடல. வந்து பாருலா."

மூன்று தடவை கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு கொடியைப் பார்த்தேன். சட்டை இல்லை.

அம்மா எனக்கு ஆக்கி வைத்த சோற்றை டப்பாவில் போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, பொரித்த நெத்திலி. கீழ்வீட்டு அண்ணே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். வேலைக்குப் போகிறோம் என்று என் வயிற்றுக்குத் தெரியவில்லை. வழியில் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி வாசல் தெரிந்த பிறகுதான் வாயில் எச்சில் ஊறியது. ரோட்டோரம் குனிந்தேன். வெறும் தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு போனேன். அண்ணே மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல்களில் பிளாஸ்டர். காவலர் ஒட்டிவிட்டிருந்தார். பக்கத்தில் மைலோ டம்ளர், பாதி குடித்தது. என் சட்டை அவருக்கு இறுக்கம். பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன.

நான் கோபமாகப் பேசுவதற்காகத்தான் போனேன். டப்பாவைக் கொடுத்தேன்.

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

மூடியில் பாதியைப் போட்டு என்னிடம் தந்தார். சாப்பிட்டோம். அம்மா கரண்டியை மூன்று விரலால் பிடித்துச் சாப்பிட்டார். எனக்கும் இறங்கியது. பசிதான் போல.

"மரம் வெட்டறது தேவல பாப்பா," என்றார். "மரம் நம்மள தொரத்தாது."

அவ்வளவுதான் என் வேலையைப் பற்றி அவர் சொன்னது. எனக்குப் போதும். சோம்பேறி என்று நினைத்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன் பேரு இருக்கான்னு அந்தம்மா சொல்ல மாட்டேங்குது. நீ போயி கேளு."

காவலர் என்னை உள்ளே விடவில்லை. நான் வீட்டு உடையில் இருந்தேன். யூனிபார்ம் வேண்டும் என்றார். காலையில் ஏமாந்துவிட்டார் இல்லையா, இப்போது கவனம். அம்மா சட்டையைக் கழற்றினார். நான் போட்டுக்கொண்டேன். ஈரமாக இருந்தது, வியர்வை.

சூப்பர்வைசர் என்னை மேசைக்குக் கூட்டிப் போனார். அம்மா மடித்ததையெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இதை முதலில் சரிபண்ணு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை தடவிய இடம் தெரிந்தது. தனியாக மடிக்க முடியாது. அக்கா தன் இடத்தில் மக்சிக்கை நிற்கவிட்டு வந்து எதிர்மூலையைப் பிடித்தார். ரோலர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தக் குவியல் எங்களைத் துரத்தவில்லை. எப்போது எடுக்கிறோமோ அப்போதுதான் வரும். அதுவரை இரண்டு மாதத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்திருந்தேன். ஒரு மடிப்பு எப்படிப் போகிறது என்று அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன்.

முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார். நான் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. கை தூக்கிக்கொண்டது. நானாகத் தூக்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். அக்கா குறுக்கே பேசினார், அரை மலாய் அரைத் தமிழில். முதல் நாள் எல்லோரும் சிரித்ததிலிருந்து இந்தப் பிள்ளை தண்டாஸுக்கே போவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை, நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். அக்காவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஏன் போவதில்லை என்று சூப்பர்வைசர் கேட்டார். எப்போது போக வேண்டும் என்று தெரியவில்லை, மணி அடிப்பதில்லையே என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் மடித்து முடித்த கட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார். போக வேண்டும் என்றால் போ, கேட்காதே, மக்சிக் வந்து மூலையைப் பிடித்துக்கொள்வார். நேற்றைக்குச் சம்பளம் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம்தான் என்றாலும் வந்துவிட்டாய். நாளைக்கு நீயே வா. உன் அம்மா வேண்டாம்.

அதற்கு அர்த்தம் பேர் இருக்கிறது என்று. நான் முதலில் கழிவறைக்குப் போனேன். பிறகு போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப சரி," என்றார் அம்மா. சாப்பாட்டுக் கடைக்கு வர நேரமாகும் என்று போன் போடச் சொன்னார். போட்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மறுநாளும் ஹார்ன் கேட்டு வாந்தி எடுத்தேன். அடுத்த வாரமும். மக்சிக் ஒரு பிஸ்கட் தருவார், வேனில் வாயில் போட்டுக்கொண்டு ஊறவைப்பேன், கடிக்க மாட்டேன். லகாட் வருவதற்குள் கரைந்துவிடும். அது கொஞ்சம் உதவியது. துண்டு மடிக்கும் பெண் பிரசவத்துக்குப் போனதும் என்னை அந்த மேசைக்கு மாற்றினார்கள். அங்கே துரத்தல் இல்லை. பிறகு ரோலருக்கே திரும்பினேன். இப்போதும் அங்கேதான். அலுப்பு இருக்கிறது. ஆனால் தூங்கினால் போகிற அலுப்பு. போர்வை காலையில் என் மேலேயே இருக்கிறது. சுருண்டு, கோணலாக.

அம்மா அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அந்த நாளைப் பற்றிப் பேசினார். விரலை மெஷினில் வைக்கச் சொல்கிறார்களே, எங்கள் மண்டோர் மரத்தைத்தான் பார்ப்பார் என்றார். குறையாகச் சொல்லவில்லை. புரியவில்லை என்று சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேன் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். பாய்லர் அண்ணே, அக்காள், மக்சிக், தங்கை. கர்ப்பிணி. மூட்டை ஏற்றுகிறவர், ஏறியதும் தூங்கிவிட்டார். கடைசி வரிசையில் அக்கா ஜன்னலோரம் நகர்ந்தார். அம்மா நடுவில். நான் கதவோரம், பாதிதான் சீட்டில் இருந்தேன். காலியான டப்பா என் மடியில். பாய்லர் அண்ணே திரும்பி என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

வேன் ஓட்டும் அண்ணே கண்ணாடியைப் பார்த்து எண்ணினார். நிறுத்தினார். முதலிலிருந்து திரும்ப எண்ணினார்.

ஒன்பது.